சரக்கு ஒன்று, வழி பல: லாரி, ரயில், கப்பல் சேர்த்து அனுப்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பித் தருவதுதான் என் வேலை. லாரி, ரயில், கப்பல், எப்போதாவது விமானம் என்று எது எங்கே ஒத்துவருமோ அதைக் கோத்துக் கொடுப்பேன். புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். தொலைபேசியில் பாதி சொல்லும்போதே மீதி விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களையும் எழுதிவைத்தேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப்போக வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் விசாரிப்பது பாதையைப் பற்றித்தான்: எந்தக் கப்பல், எந்த ரயில், எத்தனை நாள். ஆனால் நேரம், பணம், சேதம், வழக்கு எல்லாம் பெரும்பாலும் உருவாவது சரக்கு கைமாறுகிற இடத்தில். கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கும்.

மல்டிமோடல், இன்டர்மோடல்னு ரெண்டு பேர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், ஆனால் வேறுபாடு உண்டு. இன்டர்மோடல் என்றால் சரக்கு ஏற்றிய பெட்டி மாறாது. லாரியிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து கப்பலுக்குப் பெட்டிதான் தூக்கி வைக்கப்படும், உள்ளே இருப்பதை யாரும் தொடுவதில்லை. மல்டிமோடல் என்பது ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல். எத்தனை வண்டி மாறினாலும், முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் ஒரே ஆவணத்தின் கீழ் பொறுப்பேற்றுக்கொள்கிறார்.

ஆகவே ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். பெட்டியைத் திறக்காமலே, லாரிக்காரரோடு ஓர் ஒப்பந்தம், ரயிலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று நீங்களே மூன்று போடலாம். அப்போது மூன்றுக்கும் நடுவே உள்ள இரண்டு இடைவெளிகளுக்கும் பொறுப்பாளி நீங்கள். விலை கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கன்டெய்னர் வெறும் இரும்புப் பெட்டிதானே? அது வந்ததால அப்படி என்ன மாறிடுச்சு?

1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது. அனுப்பியவர் லாரித் தொழிலிலிருந்து வந்த மால்கம் மெக்லீன். அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஆட்கள் தனித்தனியே ஏற்றி இறக்கினார்கள். கப்பல் கடலில் இருக்கும் நாட்களுக்குச் சமமாகத் துறைமுகத்திலும் நிற்பது சாதாரணம்.

பெட்டியின் எட்டு மூலைகளையும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வார்ப்பு எஃகில் செய்த ஒரு துண்டு, அதில் நீள்வட்டத் துளை. டிரைலரிலும் கப்பல் தளத்திலும் இருக்கும் பூட்டு அந்தத் துளைக்குள் நுழைந்து கால் வட்டம் திரும்பினால் பெட்டி இறுகிவிடும். கிரேனும் அதே துளையைத்தான் பிடிக்கிறது. உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தத் துளையின் அளவு ஒன்றே. பெட்டியைச் செய்தது பெரிய விஷயம் இல்லை. எல்லா நாட்டுக் கிரேனும் எல்லா நாட்டு வேகனும் பிடிக்கிற ஒரே மூலை என்று உலகம் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

இருபதடி எடுக்கட்டுமா, நாற்பதடியா? பெருசா எடுத்தா லாபம்தானே?

சரக்கின் கனத்தைப் பொறுத்தது. இருபதடிப் பெட்டிக்குள் ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம், நாற்பதடியில் 67. ஆனால் சரக்கோடு சேர்ந்த மொத்த எடை எல்லை இரண்டுக்கும் வழக்கமாக 30,480 கிலோதான். இடம் இரண்டு மடங்கு, தூக்கும் எடை அதே. கல், உலோகம், மூட்டைத் தானியம் என்றால் இருபதடி. பஞ்சு, மெத்தை, மரச்சாமான் என்றால் நாற்பதடி, அதிலும் உயரம் கூடிய வகை.

இதோடு சாலை எல்லையையும் பாருங்கள். கப்பல் தாங்கும் எடையை லாரி சட்டப்படி சுமக்க முடியாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்தச்சு லாரிக்குப் பொது எல்லை 40 டன். ரயில் அல்லது கப்பலோடு இணைந்த பயணத்தில் பெட்டி ஏற்றினால் 44 டன் வரை இடம் உண்டு. அந்த 4 டன் சலுகையே சிலரை ரயில் பக்கம் திருப்புகிறது.

பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டில், அனுப்புகிறவர்கள் தவறுவது அகலத்தில். பெட்டியின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். 1.2 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய பேலட் இரண்டைப் பக்கவாட்டில் வைத்தால் 2.4 மீட்டர் வேண்டும். ஐந்து சென்டிமீட்டரில் தவறிப்போகிறது. ஐரோப்பிய டிரைலரில் 33 பேலட் ஏற்றிப் பழகியவர் நாற்பதடிப் பெட்டியில் 24, 25-க்கு மேல் நுழையாமல் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றும் நாளுக்கு முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அடுக்கிப் பாருங்கள்.

லாரி வாசலுக்கே வந்து எடுத்து வாசலுக்கே கொண்டுபோய் இறக்குது. நடுவுல ரயில் எதுக்கு?

குறுகிய தூரத்துக்குத் தேவையே இல்லை, லாரியே போகட்டும். தூரம் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை, ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளும்போது ஏற்படுவதில் சிறு பங்குதான். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தவிர, ஒரு ரயில் 90 இருபதடிப் பெட்டிகளை இழுத்தால், அத்தனைக்கும் தேவைப்படும் லாரிகளையும் ஓட்டுநர்களையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ரயில் உங்கள் வாசலுக்கு வராது. இரண்டு முனையிலும் லாரி வேண்டும், பெட்டியை இரண்டு முறை தூக்கி மாற்ற வேண்டும். ரயிலில் மிச்சமாவது இந்தச் செலவைத் தாண்டினால் மட்டுமே லாபம்.

சரி, எத்தனை கிலோமீட்டருக்கு மேல ரயில் லாபம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லாரும் ஒரே எண்ணைக் கேட்கிறார்கள். அப்படி ஓர் எண் சொல்பவரை நம்பாதீர்கள். கணக்கை எப்படிப் போடுவது என்று மட்டும் காட்டுகிறேன், உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு, லாரிக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய், ரயிலுக்கு 4 ரூபாய் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 6 மிச்சம். இரு முனை லாரியும் இரண்டு முறை தூக்குவதும் சேர்ந்து 2,400 ஆகிறது. 2,400-ஐ 6-ஆல் வகுத்தால் 400. அந்தத் தூரத்துக்கு மேல் ரயில் லாபம். இப்போது ஒரு முனையில் தொழிற்சாலைக்குள்ளேயே தண்டவாளம் வருகிறது, அல்லது ரயில் நேராகத் துறைமுகத்துக்குள் போகிறது என்று வையுங்கள். ஒரு முனைச் செலவு போய்விட்டது. 2,400 என்பது 1,200 ஆனது, 400 கிலோமீட்டர் 200 ஆனது. ரயில் கட்டணத்தை யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஒரு கைமாற்றம் குறைந்ததுதான் தூரத்தைப் பாதியாக்கியது.

முனை லாரி காலியாகத் திரும்புகிறதா என்பதையும் இதே கணக்கில் சேருங்கள். முனை ஓட்டம் 30 கிலோமீட்டர்தான் என்பார்கள். லாரி காலியாக வந்து, நான்கு மணி நேரம் காத்திருந்து, ஏற்றிக்கொண்டு போனால் அந்த 30 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கூலி.

ரயில்ல போட்டா லேட் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஓடும் ரயில் தாமதமாவது குறைவு. தாமதமெல்லாம் நிற்கும் பெட்டியில். ரயில் மாலை 6 மணிக்குக் கிளம்பினால் பெட்டி மதியமே யார்டுக்குள் வந்திருக்க வேண்டும், அந்தக் கடைசி நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ரயில். அது நாளையா, மூன்று நாள் கழித்தா என்பதுதான் உண்மையான கேள்வி. தினமும் ஓடும் மெதுவான ரயில், வாரம் இருமுறை ஓடும் வேகமான ரயிலைவிடப் பெரும்பாலும் சீக்கிரம் கொண்டுசேர்க்கும்.

அதனால் "எத்தனை நாள்" என்று கேட்பதோடு, "வாரத்துக்கு எத்தனை ரயில், கடைசியாகப் பெட்டி உள்ளே வர வேண்டிய நேரம் என்ன, அங்கே இறங்கியபின் எத்தனை மணி நேரத்தில் கையில் கிடைக்கும்" என்றும் கேளுங்கள்.

கன்டெய்னரே வேணாம், லாரியை அப்படியே ரயில்ல ஏத்திட்டுப் போறாங்களாமே?

ஆமாம். இந்தியாவில் கொங்கண் ரயில்வே 1999 முதல் சரக்கோடு நிற்கும் லாரிகளைத் தட்டை வேகனில் ஏற்றிச் செல்கிறது. மலைப்பாதையும் மழையும் உள்ள தடத்தில் ஓட்டுநருக்கும் வண்டிக்கும் அது பெரிய ஓய்வு. கிரேன் வேண்டாம், சாய்தளம் இருந்தால் போதும். கடலில் இதையே ரோ-ரோ கப்பல்கள் செய்கின்றன.

குறை என்னவென்றால், சரக்கோடு சேர்த்து லாரியின் இன்ஜின், அச்சு, டயர் எல்லாவற்றையும் ரயில் இழுக்கிறது. உயரமும் கூடும், பழைய சுரங்கப்பாதைகளில் நுழையாது. நடுவழியாக, கழற்றக்கூடிய லாரி உடல் ஒன்று ஐரோப்பாவில் பரவலாக உண்டு. நான்கு கால்களை இறக்கி நிறுத்திவிட்டு லாரி அடியிலிருந்து நழுவிப் போய்விடும். எடை குறைவு, பேலட்டும் ஒழுங்காக அடங்கும். ஆனால் பெரும்பாலான வகைகளைக் கன்டெய்னர் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது, ஆகவே கடல் தாண்டிப் போவதற்கு ஆகாது.

ரெண்டு நாட்டுல தண்டவாள அகலம் வேற வேறயா இருந்தா?

எல்லையில் இரண்டு ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கிரேன் பெட்டிகளை மாற்றிவைக்கும். சீனாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 1,435 மில்லிமீட்டர், இடையில் உள்ள கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரஸில் 1,520. எட்டரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காக ஒவ்வொரு பெட்டியும் வழியில் இரண்டு முறை தூக்கப்படுகிறது. தூக்குவது நிமிடக் கணக்கு. அங்கே வரிசையில் காத்திருப்பதுதான் நாள் கணக்கு.

ஆத்துல படகு ரொம்ப மலிவுன்னு கேள்விப்பட்டேன். அதை நம்பலாமா?

மலிவுதான். ரைன் நதியில் ஒரு பெரிய படகு 200-க்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளைச் சுமக்கும், ஆட்கள் சிலரே. ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மனியின் உள்ளே வெகுதூரம் இப்படித்தான் போகிறது.

நம்பிக்கை தண்ணீரைப் பொறுத்தது. 2018-லும் 2022-லும் வறட்சியில் காப் என்ற ஊரிலுள்ள அளவுமானி 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியது. ஆற்றின் ஆழம் அதைவிட அதிகம் என்றாலும், முழுச் சுமையோடு போகும் படகுக்கு அது போதாது. பாதிக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு ஓடின. சுமை குறைந்ததும் கட்டணம் ஏறியது. அவசரமில்லாத, தொடர்ந்து போகும் சரக்குக்குப் படகை வையுங்கள், கோடைக்கு முன் கிடங்கில் இருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல்ல மெதுவு, பிளைட்ல விலை. ரெண்டையும் பாதிப் பாதி கலக்க முடியாதா?

முடியும். ஆசியாவிலிருந்து துபாய் வரை கப்பல், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு விமானம் என்பது நெடுநாளாக நடக்கிற வழி. கப்பல் மட்டும் என்பதைவிட வேகம், விமானம் மட்டும் என்பதைவிட மலிவு.

ஆனால் கடல் கன்டெய்னர் விமானத்துக்குள் போகாது. அங்கே சீலை உடைத்து, சரக்கை வெளியே எடுத்து, விமானத்தின் வளைவுக்கேற்ற வேறு பெட்டியிலோ தட்டிலோ மறுபடி கட்ட வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன "திறக்காத பெட்டி" என்ற நன்மை நடுவழியில் முடிந்துவிடுகிறது. கட்டண முறையும் மாறும். முழுப் பெட்டி எடுக்காத சில்லறைச் சரக்குக்குக் கடலில் ஒரு கன மீட்டரும் 1,000 கிலோவும் சமம், விமானத்தில் வழக்கமாக 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது கன மீட்டருக்கு 167 கிலோ. கனமில்லாத, இடம் அடைக்கும் சரக்குக்கு விமானப் பகுதியில் கட்டணம் எதிர்பாராமல் எகிறும்.

லாரிக்குக் கட்டற மாதிரியே கன்டெய்னருக்குள்ளயும் கட்டினா போதாதா?

போதாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014-இல் கொண்டுவந்த பெட்டி ஏற்றும் நெறிமுறை ஒன்று உண்டு. அதன்படி, லாரி திடீரென்று பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று கணக்கிட வேண்டும். பக்கவாட்டில் 0.5 பங்கு. கொந்தளிக்கும் கடலிலோ இது தலைகீழ், பக்கவாட்டில்தான் 0.8. லாரிக்காரர் முன்பக்கத்தை நன்றாக அடைத்துவிட்டுப் பக்கங்களைச் சும்மா விடுவார். கடலில் பெட்டி சாய்வது பக்கமாக, அதுவும் நாள்கணக்கில், ஒரு நிமிடத்துக்குச் சில முறை என்று விடாமல்.

சரக்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில்தான் முதல் அசைவு தொடங்கும். காற்றுப்பை, மரக்கட்டை, எது வேண்டுமானாலும் வைத்து நிரப்புங்கள். மரம் வைத்தால் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதிப்படி உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தியதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு முட்டுக்கட்டைக்காக முழுப் பெட்டியையும் நிறுத்திவைக்க அந்த நாட்டு அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. கதவுப் பக்கம் கடைசி வரிசையை வலை போட்டுக் கட்டுங்கள். திறக்கிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அவர் மேல் சரக்கு சரியக்கூடாது.

காலிப் பெட்டி வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, உள்ளே போய் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வது. வெளியே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் நட்சத்திரம் போலத் தெரியும். கதவு ரப்பரில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

ஓட்டை ஒண்ணும் இல்ல, ஆனா சரக்கு நனைஞ்சு வந்திருக்கு. எப்படி?

உள்ளேயே மழை பெய்திருக்கிறது. பகலில் சூடேறும் காற்று சரக்கிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளும். இரவிலோ குளிர்ந்த கடலிலோ கூரைத் தகடு குளிர, ஈரம் துளித்துளியாகக் கூரையில் படிந்து கீழே சொட்டும்.

பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்றுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில்கூட கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவிதான். 33 கன மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆனால் 12 சதவீத ஈரமுள்ள 10 டன் விளைபொருளில் 1,200 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் வருவது அங்கிருந்தும், காயாத பேலட் மரத்திலிருந்தும். அதனால் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவதற்கு முன், சரக்கையும் மரத்தையும் காயவைத்து ஏற்றுங்கள்.

எடையைத் தோராயமா சொன்னா என்ன? கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கட்டுமே.

கூடாது. 2016 ஜூலை 1 முதல், சோலாஸ் என்ற கடல்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சரிபார்த்த மொத்த எடை கொடுக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. நிரப்பிய பெட்டியை அப்படியே எடைபோடலாம், அல்லது சரக்கு, அதைக் கட்டவும் முட்டுக்கொடுக்கவும் வைத்த பொருள் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பெட்டியின் காலி எடையோடு கூட்டலாம். அடுக்கில் கீழே இருக்கும் பெட்டி தாங்குவதும், கப்பல் நிமிர்ந்து நிற்பதும் அந்த எண்ணை நம்பித்தான். அதில் ஏற்றிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் கப்பலில் இருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

டெமரேஜ்ங்கறாங்க, டிடென்ஷன்ங்கறாங்க. ஒரே பெட்டிக்கு ரெண்டு தடவை ஏன் கட்டணும்?

பொதுவாக, சரக்கோடு பெட்டி துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்க் காலியாகத் திருப்பிக் கொடுக்கத் தாமதித்தால் டிடென்ஷன். சில கப்பல் நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே இலவசக் காலம் தருகின்றன. ஒப்பந்தத்தில் எது என்று பார்த்துவிடுங்கள்.

ரயில் சேரும்போது சிக்கல் வேறு. கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் ஒப்படைக்கும் இடம் உள்நாட்டு டிப்போ என்று இருந்தால், அங்கே கொண்டுசேர்ப்பது கப்பல் நிறுவனத்தின் வேலை, கடிகாரமும் வழக்கமாக அங்கேதான் ஓடத் தொடங்கும். துறைமுகம் என்று இருந்து, ரயிலை நீங்களே ஏற்பாடு செய்தால், துறைமுகத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில். ரயில் கட்டணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் இதில் இழந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

சரக்கு வழியில சேதமாயிடுச்சு. லாரிக்காரர் ரயிலைக் காட்டறார், ரயில்காரர் கப்பலைக் காட்டறார். நான் யாரைப் பிடிக்கிறது?

முதல் கேள்வியில் சொன்ன ஒரே ஒப்பந்தம் இருந்தால், அதைக் கொடுத்தவரைப் பிடியுங்கள். அவர் பிறகு மற்றவர்களைப் பிடித்துக்கொள்வார். தனித்தனி ஒப்பந்தம் என்றால் எங்கே சேதமானது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

உலகம் முழுவதற்கும் ஒரே பலவகைப் போக்குவரத்துச் சட்டம் இல்லை. 1980-இல் ஜெனீவாவில் ஐ.நா. ஓர் உடன்படிக்கை உருவாக்கியது, போதிய நாடுகள் சேராததால் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எனவே சேதம் எந்தப் பகுதியில் நடந்ததோ அந்தப் பகுதியின் விதிதான் பெரும்பாலும் பொருந்தும். ஒரு மரப்பெட்டியில் 1,000 கிலோ எடையுள்ள இயந்திரம் முழுவதும் அழிந்தது என்று வையுங்கள். மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், ஹேக்-விஸ்பி விதிப்படி கடலில் உச்சவரம்பு 2,000 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஐரோப்பாவின் சர்வதேசச் சாலை உடன்படிக்கைப்படி 8,330. சர்வதேச ரயில் விதிப்படி 17,000. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமானத்தில், 2024 டிசம்பர் இறுதியிலிருந்து, 26,000. அதே இயந்திரம், அதே சேதம், நடந்த இடத்தைப் பொறுத்துப் பதின்மூன்று மடங்கு வித்தியாசம். அதனால்தான் சரக்குக் காப்பீடு எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஒப்பந்தக்காரரின் பொறுப்பு காப்பீட்டுக்கு ஈடாகாது.

இடத்தை நிரூபிக்க ஒரே வழி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் சீல் எண்ணையும் பெட்டியின் நிலையையும் எழுதி வாங்குவது, படம் எடுப்பது. பெற்றுக்கொள்ளும் இடத்தில், வெளியே தெரியாத சேதத்தை ஹேக்-விஸ்பியில் 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்குக்கு ஓர் ஆண்டு. பன்னாட்டு வணிகச் சபையின் 1992 பலவகைப் போக்குவரத்து விதிகளை உங்கள் ஆவணம் ஏற்றிருந்தால் 6 நாள், 9 மாதம். பெட்டியை இறக்கிக் கிடங்கில் போட்டுவிட்டு அடுத்த வாரம் பிரிக்கலாம் என்றிருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும்.

எஃப்.ஓ.பி. விலையில விக்கறேன். துறைமுகத்துல கொடுத்ததோட என் பொறுப்பு முடிஞ்சது, இல்லையா?

இல்லை. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் ஆபத்து வாங்குபவருக்குப் போகிறது. கன்டெய்னரை நீங்கள் யார்டு வாசலில் ஒப்படைத்துவிடுகிறீர்கள். அதன்பின் கப்பலில் ஏறும்வரை நாள்கணக்கில் உங்கள் கையில் இல்லாத பெட்டிக்கு நீங்கள் பொறுப்பு. எஃப்.ஓ.பி. போன்ற விற்பனை நிபந்தனைகளை வரையறுக்கும் பன்னாட்டு விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2010 பதிப்பும் 2020 பதிப்பும் கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. போடும்படி இதற்காகத்தான் சொல்கின்றன. அதில் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்த கணமே ஆபத்து கைமாறும். வங்கி கப்பலில் ஏறியதற்கான பில் கேட்கிறதே என்ற தயக்கத்துக்கும் 2020 பதிப்பு வழி வைத்திருக்கிறது: அந்தப் பில்லை விற்பவருக்குக் கொடுக்கச் சொல்லி வாங்குபவர் தன் கப்பல் நிறுவனத்துக்கு அறிவுறுத்த ஒப்புக்கொள்ளலாம்.

என் சரக்குக்கு ஒரு கீறல்கூட இல்ல. கப்பல் தரைதட்டினதுக்கு நான் ஏன் பணம் கட்டணும்?

பொதுச் சராசரி என்ற மிகப் பழைய கடல் வழக்கம் இது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த செலவையும் தியாகத்தையும், காப்பாற்றப்பட்ட எல்லாரும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2021 மார்ச் 23 முதல் 29 வரை சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சிக்கியபோது இதை அறிவித்தார்கள். அதில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். கால்வாயிலிருந்து விடுபட்டும் கப்பல் ஜூலை 7 வரை எகிப்தை விட்டுப் போக முடியவில்லை. அப்படி அறிவித்தால், பிணை கொடுக்கும்வரை உங்கள் பெட்டி வெளியே வராது. முன்பு சொன்ன சரக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் பிணைக் கடிதம் கொடுத்துவிடும். இல்லையென்றால் ரொக்கமாகக் கட்டக் கேட்பார்கள்.

ரயில், கப்பல்னா சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்லி அதிகம் கேக்கறாங்க. உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஆனால் நடுவில் உள்ள நீண்ட பகுதியை மட்டும் காட்டினால் பாதி உண்மை. முனை லாரி எத்தனை கிலோமீட்டர் காலியாக ஓடியது, ரயில் டீசலா மின்சாரமா, எவ்வளவு நிரம்பியிருந்தது, பாதை எவ்வளவு சுற்று, காலிப் பெட்டி எங்கே திரும்பியது என்பதெல்லாம் சேர வேண்டும். 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14083 என்ற தரநிலை, கைமாறும் இடங்களில் செலவாகும் ஆற்றலையும் காலி ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. விலைப்பட்டியலில் கரியமில எண் போட்டிருந்தால், அந்த முறைப்படி கணக்கிட்டதா என்று கேளுங்கள்.

காலிப் பெட்டி விஷயத்தில் உங்களால் நேரடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறக்குமதியில் வந்த பெட்டியைத் துறைமுகத்துக்குத் திருப்பி அனுப்பாமல், பக்கத்திலேயே ஏற்றுமதி செய்பவருக்குக் கொடுக்க முடியுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள். அளவும் நாளும் ஒத்துவந்தால் இரண்டு காலி ஓட்டம் மிச்சம்.

நல்ல ரயில் வழி ஒண்ணு அமைஞ்சிருக்கு. எல்லாச் சரக்கையும் அதுலயே போட்டுடலாமா?

2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஸ்டாட்டில், தண்டவாளத்துக்கு அடியில் புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கம் சரிந்து மேலே இருந்த பாதை இறங்கிவிட்டது. வடகடல் துறைமுகங்களை இத்தாலியோடு இணைக்கும் முதுகெலும்பு அது. ஆல்ப்ஸுக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பெரிய சுரங்கத்துக்குப் போகும் வழி ஒரு சிறு இடத்தில் அறுந்து, அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது.

மாற்றுப்பாதைகள் இருந்தன. ஆனால் சிலவற்றில் உயரமான டிரைலர் ஏற்றிய வேகன் நுழையாது, பிரான்ஸ் வழியாகப் போக அந்த நாட்டு மொழியும் தடமும் தெரிந்த ஓட்டுநர்கள் போதவில்லை. பெட்டியில் இருந்த சரக்கைப் படகுக்கும் லாரிக்கும் மாற்ற முடிந்தது, ஏனென்றால் எல்லாரும் அதே மூலையைப் பிடிக்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் அதே படகையும் அதே கிரேனையும் தேடினார்கள்.

நான் செய்வது இது. வழக்கமான வழி நன்றாக ஓடும்போதே, வேறொரு யார்டு வழியாக ஆண்டுக்கு இரண்டு மூன்று பெட்டிகளை அனுப்புவேன். விலை கொஞ்சம் கூடும். அந்த யார்டின் கடைசி நேரம் என்ன, அங்கே சீல் எண்ணை யார் எழுதித் தருகிறார், இரவில் தொலைபேசியை எடுப்பது யார் என்பது அப்போதுதான் தெரிகிறது. முதல் பெட்டி எப்போதும் ஏதாவது ஒரு காகிதத்துக்காக நிற்கும். இரண்டாவது பெட்டி போய்விடும்.